குழாய்ப் பக்கமிருந்து மூன்றாவது வரிசை

பிப்ரவரி 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இது நானே எழுதும் கடிதம். பக்கத்து வீட்டு டெய்லர் எழுதித் தரவில்லை. என் எழுத்து கோட்டில் நிற்காமல் மலை ஏறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் நலம் விசாரித்து ஒரு நீள வரி எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னார். அதற்குள் கை வலித்துவிடும். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் தங்கச்சியும் அப்படியே இருங்கள்.

நூலக மாடியில் மாலை வகுப்பு நடக்கிறது. எட்டுப் பேரில் நான்தான் மூத்தவன், எழுபத்தொன்று. கடைசி பெஞ்ச் கேட்டேன், டீச்சர் தரவில்லை. ஏழு மாதத்தில் படிக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது கண்ணில் பட்டதை எல்லாம் படிக்கிறேன். பஸ் பலகை, மாத்திரை அட்டை, வெங்காயம் சுற்றி வந்த பழைய பேப்பர். எதிர்வீட்டு கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று இருக்கிறது. அங்கே நாயே கிடையாது. எழுத்தும் பொய் சொல்லும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

இன்னொரு சந்தோஷம். என் சுவரில் மாட்டியிருக்கும் தாள் உங்களுக்கு நினைவிருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன் நீங்கள் என்னைக் கட்டைவிரல் வைக்கச் சொன்ன தாளின் நகல். “பத்திரமா வெச்சுக்குங்க மச்சான், உங்க நல்லதுக்குத்தான்”னு சொல்லிக் கொடுத்தீர்கள். நான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். லில்லிச் செடிகளோடு குனிந்து நிமிர்ந்து முட்டி தேய்ந்தவனை, ஆராய்ச்சி நிலையத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது என் மாப்பிள்ளை வாங்கித் தந்த இந்தத் தாள்தான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவேன்.

அதைத்தான் என் கடைசிப் பாடமாக வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. மொத்தம் பதினான்கு. முதல் வரி முடிந்தது: ‘கீழே கைரேகை பதித்துள்ள தோட்டப் பணியாளராகிய நான்’. அந்த நான், நான்தான்! முழுவதும் படித்துவிட்டு எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் தங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த வயதில் எழுதக் கற்றது பெரிய விஷயம். வாழ்த்துகள்.

ஆனால் கண்ணை வருத்திக்கொள்ளாதீர்கள். அந்தத் தாளில் படிக்க ஒன்றும் இல்லை. எல்லாம் ஆபீஸ் பாஷை, எனக்கே பாதி புரியாது. பழைய கண்ணாடிச் சட்டம், ஆணி துருப்பிடித்திருக்கும். விழுந்து உடைந்து காலில் குத்தினால் யார் பார்ப்பது? கழற்றி, அப்படியே பார்சல் செய்து எனக்கு அனுப்புங்கள். புதுச் சட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். கடிதம் கண்டதும் செய்யுங்கள்.

கதைப் புத்தகம் இரண்டு அனுப்பியிருக்கிறேன். பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். முதலில் அவற்றைப் படியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 24

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஒன்பதாவது வரியில் இருந்தேன். மீதி ஐந்தையும் அன்றைக்கே படித்தேன். அவசரமாகப் படிக்க அன்றுதான் கற்றேன்.

அந்தத் தாளில் நீங்கள் எழுதியது உங்களுக்கு மறந்திருக்கலாம். நான் இப்போது பார்க்காமலே எழுதுவேன். ‘டிசம்பர் ஒன்பதாம் தேதி, வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய லில்லிக் கிழங்குகளை, என் கவனக்குறைவால் வேறு வரிசையிலிருந்து தோண்டி அனுப்பிவிட்டேன். வரிசையைச் சரியாக எண்ணாததையும் ஒப்புக்கொள்கிறேன். இதனால் என் மேலதிகாரியின் ஆய்வு பொய் என்று ஆனதற்கு நானே பொறுப்பு. படித்துக் காட்டக் கேட்டு, புரிந்துகொண்டு, கைரேகை வைக்கிறேன்.’

அந்த மேலதிகாரி நீங்கள்தான். யார் படித்துக் காட்டியது? நீங்கள் மை டப்பாவைத் திறந்தீர்கள். “இங்க வைங்க மச்சான்” என்றீர்கள். விரலைத் துடைக்கத் துணிகூடக் கொடுத்தீர்கள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஏழாம் தேதி என் மனைவியைச் சேர்த்தேன். பதினான்காம் தேதி அவள் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். நடுவில் நான் எந்தக் கிழங்கையும் தோண்டவில்லை. அவளுடைய நகத்தை வெட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

பதினோரு வருஷம் அதைக் காட்டிக் காட்டி நன்றி சொல்லியிருக்கிறேன். படித்தவர்கள் வந்திருக்கிறார்கள். டெய்லர் பார்த்தார். தபால்காரர் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு, “ஓ, நல்லதுங்க” என்று போய்விட்டார்கள். நான் என்ன முட்டாள் என்று நினைத்திருப்பார்கள், அல்லது என்ன துணிச்சல்காரன் என்று. தங்கச்சி வந்தபோது நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். “வெளிச்சம் கண்ணக் கூசுதுண்ணே” என்றாள். அந்தப் பக்கம் ஜன்னலே இல்லை.

சட்டத்தைக் கழற்றவில்லை. இப்போது வருகிறவர்களுக்கு நானே படித்துக் காட்டுகிறேன். நிறுத்தி நிறுத்தி, நன்றாகப் படிக்கிறேன் என்கிறார்கள்.

கதைப் புத்தகம் வந்தது. சிங்கத்தை முயல் ஜெயிக்கிறது.

மச்சான்


மார்ச் 8

மச்சானுக்கு,

நான்கு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். லில்லியின் மகரந்தம் உருவாகும் செல்லுக்குள் இருபத்துநான்கு குரோமோசோம்கள் உண்டு. தாய் வழி பன்னிரண்டு, தந்தை வழி பன்னிரண்டு. ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்து, ஒட்டிக்கொண்டு, செல்லின் நடுவில் வந்து நிற்கும். பிறகு இரண்டு முனைகளிலிருந்தும் நார்கள் இழுக்க, ஜோடியில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் போகும். உங்கள் மூன்றாவது வரிசைச் செடியில் அவை ஜோடி சேரவே இல்லை. தனித்தனியாக அலைந்தன. ஒரு முனைக்கு ஒன்பது, மறுமுனைக்குப் பதிமூன்று, நடுவில் இரண்டு அனாதையாக. அதைத்தான் படம் பிடித்துக் கட்டுரை எழுதினேன். அதனால்தான் எனக்குப் பெயர் வந்தது.

வெளி ஆய்வுக்கூடம் கிழங்கு கேட்டது. அனுப்பினேன். அவர்கள் வளர்த்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு, பன்னிரண்டு, எல்லாம் ஒழுங்கு என்றார்கள். விசாரணை வந்தது.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று. கட்டுரைக்குப் படம் எடுத்த மொட்டுகளை நான் பறித்தவுடன், பதப்படுத்தும் சாராயக் கரைசலில் போடவில்லை. இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன். குளிர் பட்டால் அந்த நார்கள் கரைந்துபோகும், குரோமோசோம்கள் வழி தெரியாமல் சிதறும். மாணவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். வெளியிலிருந்து பதில் வந்த அன்றே, நான் பார்த்தது செடியின் குணம் அல்ல, என் ஐஸ் பெட்டியின் வேலை என்று நினைத்தேன். அதைச் சொன்னால் என் தொழில் முடிந்தது. கிழங்கு மாறிவிட்டது என்றால் ஒரு சின்னத் தவறு. அதனால் ஒரு பொய் எழுதினேன்.

உங்களை வேலையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாசல் காவலோடு நிறுத்தியது நான்தான். உங்களுக்கு இழக்கப் பட்டம் இல்லை, பதவி இல்லை. எனக்கு இருந்தது. அப்படித்தான் அன்றைக்குக் கணக்குப் போட்டேன்.

செடிகளை எல்லாம் எரித்தாயிற்று. இனி இதைப் பேசி யாருக்கு என்ன லாபம்?

மாப்பிள்ளை


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

எரித்தது நான். எனக்குத்தானே உத்தரவு போட்டார்கள். ஒரு கிழங்கை மட்டும் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். திருட்டுத்தான். பதினோரு வருஷமாகப் பின்கட்டில் பெயிண்ட் டப்பாவில் இருக்கிறது. பக்கத்தில் விட்ட குட்டிக் கிழங்குகளோடு இப்போது நான்கு டப்பா.

மற்ற லில்லி பூத்தால் சட்டையில் மஞ்சள் கறை பிடிக்கும், துவைத்தாலும் போகாது. இது பூத்தால் பூவுக்குள் மூக்கை விட்டாலும் கறை வராது. மகரந்தம் வறண்ட பொக்கு. இருபத்தாறு வருஷம் உங்களுக்கு மொட்டு அளந்து கொடுத்தேனே, மூங்கில் குச்சியில் வெட்டிய குறி வைத்து, இருபத்திரண்டு மில்லிமீட்டர். இந்தச் செடியில் கறை இல்லை என்று முதலில் உங்களிடம் சொன்னவன் நான். “அட, ஆமா மச்சான்!” என்று குதித்தீர்கள். கட்டுரையில் அது இருக்கிறதா? இப்போது நான் படிப்பேன், அனுப்பிப் பாருங்கள்.

என் பெயிண்ட் டப்பாவுக்கு ஐஸ் பெட்டி கிடையாது.

போன வாரம் இரண்டு மொட்டு விட்ட ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். உங்கள் அறையில் இப்போது ஒரு டாக்டரம்மா இருக்கிறார். பறித்த இடத்திலேயே கரைசலில் போட வைத்தார். மறுநாள் சிவப்புச் சாயம் ஊற்றி, கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். கட்டைவிரலுக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, “வாங்கய்யா, உக்காந்து பாருங்க” என்றார்.

“நானா?”

“உங்க செடிதானே? கண்ண மூடாதீங்க. ரெண்டையும் தொறந்து பாருங்க.”

முதலில் சாதாரண லில்லி. சிவப்பு நூல் துண்டுகள், நடுவில் சண்டை பிரிந்த மாதிரி, இரண்டு கட்சியாக விலகி நின்றன. அழகாக இருந்தது. அடுத்தது என்னுடையது. சந்தை கலைந்த மாதிரி. இங்கே நாலு, அங்கே கொத்தாக ஒரு கூட்டம், நடுவில் இரண்டு நின்று எந்தப் பக்கம் என்று தெரியாமல். அழுதுவிட்டேன். கண்ணாடியில் ஈரம் பட்டுவிட்டது, டாக்டரம்மா துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை, உங்கள் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் நின்றேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறீர்களா? அதற்குப் படிப்புத் தேவையில்லை. கண் போதும்.

இனி உங்கள் பொய்க்கு வருகிறேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கண்ணாடி வீட்டில் ஆறு குழி இருந்தது. உங்கள் வீட்டுத் தொட்டிக்கு எடுத்திருப்பீர்கள் என்று மண் போட்டு மூடினேன். குழி இருந்தது கதவுப் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில். மொத்தம் எட்டு வரிசை. குழாய் இருப்பது மறுகோடியில், நான் தண்ணீர் விட ஆரம்பிப்பது அங்கிருந்து. எனக்கு முதல் வரிசை அந்தக் கோடிதான், என் மூன்றாவது கதவிலிருந்து ஆறாவது. ‘மூணாவது வரிசைல கறை இல்ல’ என்று நான் சொன்னபோது நீங்கள் நோட்டில் மூன்று என்று எழுதினீர்கள். மொட்டு எப்போதும் நான்தான் பறித்துத் தந்தேன், அதனால் உங்கள் ஆராய்ச்சி சரியாக நடந்தது. நான் இல்லாத அந்த ஒரு நாள் நீங்களே போய், கதவிலிருந்து எண்ணித் தோண்டினீர்கள்.

கிழங்கு மாறித்தான் போனது. நீங்கள் பொய் என்று நினைத்து எழுதியது அத்தனையும் உண்மை. ஆளை மட்டும் மாற்றிவிட்டீர்கள்.

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். செடியும் பிழைத்திருக்கும், உங்கள் பெயரும் பிழைத்திருக்கும்.

டாக்டரம்மா செடியை நிலையத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்கிறார். பொய்ச் செடி என்று பழைய ஃபைலில் இருப்பதால், அதை ஆராய்ந்தவர் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஏப்ரல் கடைசியில் கூட்டம். எழுதிக் கொடுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று என்றுதான் இருக்கிறது. எங்கிருந்து மூன்று என்று இல்லை.

அவர்கள் கேட்ட கடிதத்தை இணைத்திருக்கிறேன். உங்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

‘அக்காலத்தில் கிழங்குகள் அனுப்பப்பட்டபோது வரிசை மாறியிருக்க வாய்ப்புள்ளது. பதிவேட்டில் தெளிவின்மை காணப்படுகிறது. இது தொடர்பாகத் தோட்டப் பணியாளர்மீது எழுந்த குறை மறுபரிசீலனைக்கு உரியது.’

மாப்பிள்ளை


ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதில் எல்லாம் தானாகவே நடக்கிறது. கிழங்கு தானாக நடந்து பார்சலுக்குள் போயிற்று, வரிசை தானாக மாறிற்று, குறை தானாக எழுந்தது. ஆளே இல்லை. எனக்கு எழுதியபோது மட்டும் ‘தோட்டப் பணியாளராகிய நான்’ என்று ஆள் முதல் வரியிலேயே வந்து நின்றான்.

தோண்டியது யார்? கைரேகை வாங்கியது யார்? அன்று ஆஸ்பத்திரியில் இருந்தது யார்? மூன்று வரி போதும். டீச்சர் எனக்குக் கொடுத்த முதல் வீட்டுப்பாடமே மூன்று வரிதான்.

முதல் டப்பாவில் ஐந்து மொட்டு விட்டிருக்கிறது. இன்றைக்குப் பதினாறு மில்லிமீட்டர்.

மச்சான்


ஏப்ரல் 18

மச்சானுக்கு,

இது நிலையத்துக்குப் போன கடிதத்தின் நகல்.

‘டிசம்பர் ஒன்பதாம் தேதி கிழங்குகளைத் தோண்டியவன் நான். வரிசையைத் தவறாக எண்ணியவன் நான். தோட்டப் பணியாளர் அன்று இறக்கும் நிலையிலிருந்த தம் மனைவியுடன் மருத்துவமனையில் இருந்தார். அது எனக்குத் தெரியும். படித்துக் காட்டாமல் அவரிடம் கைரேகை வாங்கினேன். மகரந்தம் இல்லாத செடியை முதலில் கண்டவர் அவர்.’

உங்கள் தங்கை எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான்காவது வரியில் பேனாவை வைத்துவிட்டேன். “எழுதுங்க” என்றாள். கடைசி வரியை நானாக எழுதினேன், அதை நம்புங்கள்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கலைந்த கூட்டத்தைப் பதினோரு வருஷம் ஐஸ் பெட்டியின் வேலை என்று நினைத்து வெறுத்தேன். அது என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே புது விஷயம். அது நிஜம் என்று தெரிந்து இன்னும் பார்க்கவில்லை. வீட்டில் என் பழைய மைக்ராஸ்கோப் இருக்கிறது. ஒரே ஒரு மொட்டு, கரைசலில் போட்டு அனுப்புவீர்களா?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தக் குரோமோசோம்கள் ஏன் அப்படி அலைகின்றன என்று யோசித்திருக்கிறேன். ஒரு தடவையாவது ஒட்டிக்கொண்டவைதான் ஒழுங்காகப் பிரியும். ஒட்டாதவற்றுக்குப் பிரியவும் தெரியாது.

மாப்பிள்ளை


ஏப்ரல் 27

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தைக் கூட்டத்தில் படித்தார்கள். நான் கேட்டுக்கொண்டதால் டாக்டரம்மா நடுவில் நிறுத்தி, மூன்றாவது வரியை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். என் மனைவியைப் பற்றிய வரி. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இரண்டு டப்பாவைக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி வீட்டில் குழாய்ப் பக்கம் வைத்திருக்கிறார்கள். தகர அட்டையில் எண், தேதி, ‘முதலில் கண்டவர்: தோட்டப் பணியாளர்’ என்று இருக்கிறது. எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. சுவரிலிருந்த தாளை ஃபைலில் சேர்க்க வாங்கிக்கொண்டார்கள். ஆணி சும்மா இருக்கிறது, தொப்பியை மாட்டுகிறேன்.

ஒட்டுவது பிரிவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். குரோமோசோமுக்குக் கண் இல்லை, வாய் இல்லை, பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை இதோடு சேர்க்காதீர்கள்.

மொட்டு கேட்டீர்கள். உங்கள் கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. ஐந்து மொட்டும் இருபத்திரண்டு மில்லிமீட்டர் ஆனது பதினேழாம் தேதி, மற்ற டப்பாக்களில் இந்த வருஷம் இனி மொட்டு இல்லை. அன்றைக்குக் குச்சியை வைத்து அளந்துவிட்டு, கையில் கத்தரிக்கோலோடு தபால்காரருக்காகக் காத்திருந்தேன். நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷம் உங்களுக்கு மொட்டுப் பறித்தவன். பறித்துக் கரைசலில் போட்டு வைத்திருக்கலாம். கேட்காமல் பறிக்க மனசு வரவில்லை. மறுநாள் தாண்டிவிட்டது. உள்ளே நடக்க வேண்டியது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, இனி வெட்டிப் பார்த்தாலும் பொக்குத்தான் இருக்கும். ஒரு நாள் தவறினால் ஒரு வருஷம் போச்சு என்று நீங்கள்தான் என்னைத் திட்டுவீர்கள்.

தங்கச்சியை வரச் சொல்லுங்கள். நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் மொட்டு வரும். உங்களுக்கு அனுப்புவேனா என்று இன்றைக்கு எழுதித் தர மாட்டேன். எழுதினால் கையெழுத்துப் போட வேண்டும். முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ளாத எதற்கும் நான் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை. என் மனசை இன்னும் படித்து முடிக்கவில்லை, நாளைக்கு ஒரு வரிதான் ஓடுகிறது.

மச்சான்